எது உயர்ந்த படம்?

அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். "நூல்களைப் பற்றித் திங்கள்தோறும் எழுதுகிறீர்கள். எதைப் படிக்கலாம், எதைத் தள்ளலாம் என்று தரம் பிரித்துச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நூலைக் காட்டிலும் படத்தைத்தானே மிகுதியாகப் பார்க்கிறார்கள்? அதைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?" என்றார் அவர்.

கேள்வி நியாயமானது. நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்து எழுந்துவிடுவது நம் பெரியவர்களின் வழக்கம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கண்ட படங்களுள் பல அத்தகையவை. ஆயினும், கொட்டகைக்குச் செல்லாதிருந்தால் படம் பார்க்காதிருக்கலாம் என்றிருந்த காலம் கடந்துவிட்டது. கொட்டகை முதலில் தொலைக்காட்சியாகிக் கூடத்துக்குள் வந்தது. பிறகு கைப்பேசியாகிச் சட்டைப் பைக்குள்ளும் வந்துவிட்டது. கதவே இல்லாத வீட்டில் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசி என்ன பயன்? இனித் துணை நிற்கக்கூடியது தரம் அறியும் கண் ஒன்றுதான். நூலுக்கு அந்தக் கண்ணைப் பழக்குகிற நாம், படத்துக்கும் பழக்குவதில் பிழையேதும் இல்லை.

எனவே, நாம் பார்த்தவற்றுள் நெஞ்சில் நிலைத்த சில படங்களை இங்கே எடுத்துக் கூறி, அவை ஏன் உயர்ந்தவை என்பதை ஆராய முற்படுகிறோம். பட்டியல் போடுவது எளிது. ஏன் என்று சொல்வதுதான் கடினம், பயனுள்ளதும் அதுவே.

தவறான அளவுகோல்கள்

ஒரு படம் எத்தனை நாள் ஓடியது, எத்தனை கோடி ஈட்டியது என்பவை வணிகனின் கணக்குகள். கடைத்தெருவில் அதிகம் விற்ற பண்டமே சிறந்த பண்டம் என்று எந்தக் குடும்பத் தலைவியும் ஒப்பமாட்டாள். விருதுகள் அதைவிடச் சற்று மேலானவை. ஆனால் அவையும் சிலர் கூடி ஓராண்டில் எடுத்த முடிவுகளே. படத்துக்குச் செலவான தொகை, நடித்தவரின் புகழ் ஆகிய இரண்டையும் அளவுகோல் என்று எண்ணவே வேண்டியதில்லை.

இவற்றைவிட ஏமாற்றக்கூடிய அளவுகோல் ஒன்று உண்டு. நம்மைப் போன்ற இலக்கியப் பற்றாளர்களும் சமுதாய ஆர்வலர்களும் எளிதில் வழுக்கி விழுவது அங்கேதான். "நல்ல கருத்தைச் சொல்லும் படம் நல்ல படம்" என்பதே அது. மது கேடு, வரதட்சிணை கொடுமை, தாய் தெய்வம் என்று இறுதிக் காட்சியில் ஒருவர் சொற்பொழிவு ஆற்றிவிட்டால் படம் உயர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். கருத்து மட்டுமே வேண்டுமெனில் ஒரு துண்டுப் பிரசுரம் போதுமே! இரண்டரை மணி நேரம் இருட்டில் அமர வேண்டியதில்லை. கருத்து எவ்வாறு நம் உள்ளத்தில் வேர்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முதற்சான்றாக இத்தாலிக்குச் செல்வோம்.

ஒரு சைக்கிளின் விலை

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த 1948ஆம் ஆண்டில், வித்தோரியோ தெ சிக்கா என்ற இயக்குநர் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்று உலகம் அறியும் படத்தை வெளியிட்டார். எழுத்துப் பணியில் அவருக்கு உற்ற துணையாக நின்றவர் செசாரே ஸவாத்தினி. கதை ஒரு வரிக்குள் அடங்கும். ரோம் நகரில் வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் தேவை. முதல் நாளே அது களவு போகிறது. தகப்பனும் சிறுவனான மகனும் ஊரெங்கும் அதைத் தேடி அலைகிறார்கள். அவ்வளவுதான்.

அடகிலிருக்கும் சைக்கிளை மீட்பதற்காக அந்த மனைவி கட்டிலிலிருந்த படுக்கை விரிப்புகளை உருவித் துவைத்து மூட்டை கட்டி எடுத்துச் செல்கிறாள். அடகுக் கடை ஊழியன் மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான். அங்கே அடுக்குக்கு மேல் அடுக்காக, கூரை வரைக்கும் மூட்டைகள்! அவன் ஏணியில் ஏறுவதுபோல் மேலே மேலே ஏறிச் சென்று இதையும் அவற்றோடு வைக்கிறான். ஒரு நகரமே தன் படுக்கையை அடகு வைத்து உண்டுகொண்டிருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலாசிரியன் சொல்லிவிட முடியும்? ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

தேடல் முழுவதும் வீணாகிறது. திருடன் என்று பிடிபடுபவனும் இவனைப் போன்ற ஏழையே; சான்று ஏதும் இல்லை; தெருவே அவனுக்காகத் திரண்டு நிற்கிறது. இறுதியில், விளையாட்டரங்கத்துக்கு வெளியே தனித்து நிற்கும் ஒரு சைக்கிளை நாயகனே திருட முற்படுகிறான். பிடிபடுகிறான். அடிபடுகிறான். மகன் அதனைப் பார்த்துவிடுகிறான். சைக்கிளின் உரிமையாளர் அந்தச் சிறுவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். தகப்பன் கண்ணீரோடு கூட்டத்தில் நடக்கிறான். மகனின் கை மெல்ல வந்து தகப்பனின் கையைப் பற்றுகிறது. படம் முடிகிறது.

இத்தாலிய மொழியில் படத்தின் பெயர் பன்மையில் இருக்கிறது: 'சைக்கிள் திருடர்கள்'. அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது 'சைக்கிள் திருடன்' என்று ஒருமையாக்கிவிட்டனர். ஓர் எழுத்தை எடுத்தவுடன் படத்தின் நெஞ்சமே பறிபோய்விட்டது. திருடியவனும் திருட்டுக் கொடுத்தவனும் ஒரே இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள் என்பதுதானே கதை! "திருடாதே" என்பது யாவரும் அறிந்த அறம். அந்த அறத்தை மீறியவனைக் கண்டு நம் கண்ணில் நீர் துளிர்க்கிறது. அதேபோது அறத்தின் மீது நமக்கிருந்த பற்றும் தளரவில்லை. உயர்ந்த கலை செய்யும் வேலை இது.

நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜோரானி தொழிற்சாலைத் தொழிலாளி, நடிகர் அல்லர். ஆனால் தொழில் நடிகரல்லாதவரைக் கொண்டு எடுத்துவிட்டால் மட்டும் படம் உயர்ந்துவிடாது. அந்த முகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருந்தது.

தாயின் குரலை மறைத்த இசை

1950ஆம் ஆண்டில் இலண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த வங்காள இளைஞர் ஒருவர் ஊர் திரும்பித் தாமும் ஒரு படம் எடுக்கத் துணிந்தார். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய்தான் அவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் புதினத்தை எடுத்துக்கொண்டு 1952இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபத்தொன்று. அதற்கு முன் சினிமா காமிராவைக் கையாண்டவர் அல்லர். பணம் தீரும், பணி நிற்கும். காப்புறுதிப் பத்திரமும் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. இறுதியில் மேற்கு வங்க அரசு பண உதவி செய்ய, 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைவிழாவில் 'மிகச் சிறந்த மனித ஆவணம்' என்ற பரிசைப் பெற்றது.

இந்த வரலாறு பலரும் அறிந்ததே. நாம் சுட்ட விரும்புவது இரண்டு இடங்களை.

மகள் துர்கா மழையில் நனைந்து காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். வெளியூர் சென்றிருந்த தகப்பன் அதனை அறியாமல் திரும்பி வந்து, வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கென்று வாங்கிய சேலையை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கிறார். அதுவரை கல்லாக நின்ற அந்தத் தாய் சேலையைக் கடித்தபடி உடைந்து விழுகிறாள். நம் படங்களில் இந்த இடத்தில் அலறல் கேட்கும். ராய் அந்தக் குரலைக் கேட்கவிடவில்லை. அதற்கு மாற்றாகத் தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவி உச்ச தொனியில் ஒலிக்கிறது. தாயின் வாய் திறந்திருக்கிறது. நம் காதில் விழுவது இசை. அழுகையைக் கேட்டிருந்தால் நாம் பார்வையாளராக இருந்து இரங்கியிருப்போம். கேட்காததால் அந்த அழுகையை நம் நெஞ்சுக்குள்ளேயே தேடிக்கொள்கிறோம்.

இன்னொன்று. துர்கா உயிரோடிருந்தபோது, அண்டை வீட்டு மணிமாலையைத் திருடிவிட்டாள் என்று பழி சுமத்தப்பட்டு, தாயிடம் அடி வாங்கியவள். "நான் எடுக்கவில்லை" என்றே சாதித்தாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் நாளில், தம்பி அப்பு மேலே இருந்த ஒரு சிரட்டையை எடுக்கிறான். உள்ளே அந்த மாலை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிச்சென்று குளத்தில் எறிகிறான். பாசி விலகி நீர் தெரிகிறது. மீண்டும் பாசி வந்து மூடிக்கொள்கிறது. இறந்தவளின் குறையை உயிரோடிருப்பவன் மறைத்துவிட்டான். நீரும் அவனுக்கு உடந்தையாயிற்று. மானம் காத்தல் என்பதைப் பற்றி எத்தனை உரைகள் கேட்டிருக்கிறோம்! ஒரு குழந்தை செய்த இந்தச் செயலை மறக்க முடியவில்லை.

"நம் வறுமையை வெளிநாட்டாருக்குக் கடைவிரிக்கிறார்" என்ற பழி ராய் மீது நெடுநாள் இருந்தது. நடிகை நர்கிஸ் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்தபோது வெளிப்படையாகவே அதனைக் கூறினார். இந்தப் பழியை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. வறுமையைக் காட்டிக் காசாக்கும் படங்கள் உண்டு. வேறுபாட்டை அறிவது எவ்வாறு? அத்தகைய படங்களில் ஏழைக்கு வறுமையைத் தவிர வேறொன்றும் இராது. 'பதேர் பாஞ்சாலி'யின் ஏழைகளுக்கோ குறும்பு உண்டு, திருட்டு உண்டு, சிறுமையும் உண்டு, நாணல் பூத்த வெளியில் இரயிலைப் பார்க்க ஓடும் ஆசை உண்டு. எண்பதை எட்டிய சுனிபாலா தேவி நடித்த அந்த முதிய அத்தைக்கு ஒரு புதுப் போர்வையின் மீது எத்தனை மோகம்! மனிதரை முழுமையாகக் காட்டியபின் அவர் ஏழையாக இருப்பது ஒரு செய்தி மட்டுமே. அவர் யார் என்பதை அது முடித்துவைப்பதில்லை.

பாயில் அமர்ந்த காமிரா

ஜப்பானியர் யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953ஆம் ஆண்டுப் படம். அதில் திருட்டுமில்லை, பட்டினியுமில்லை. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயோதிகத் தம்பதியர் டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். மகன் மருத்துவன், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவரும் கெட்டவர்கள் அல்லர்; அவர்களுக்கு நேரமில்லை. பெற்றோரை வீட்டில் வைத்துக்கொள்வது இடைஞ்சலாக இருக்கவே, பணம் போட்டு அதாமி என்னும் வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இரவெல்லாம் இளைஞர்களின் கூச்சல், உறக்கமில்லை. அன்போடு நேரம் ஒதுக்குபவள் ஒருத்திதான்: போரில் இறந்துபோன மகனின் விதவை, நொரிக்கோ. ஊர் திரும்பியதும் தாய் இறந்துவிடுகிறாள்.

இறுதிச் சடங்கு முடிந்த விருந்தில் மகள் அழுகிறாள். அழுத கண் காய்வதற்குள் தாயின் நல்ல ஆடை ஒன்றைத் தனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். இந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏனெனில் அந்தக் குரலை நாம் நம் வீட்டு மரணங்களிலும் கேட்டிருக்கிறோம். சிலவேளை அது நம்முடைய குரலாகவே இருந்திருக்கிறது.

கடைசி மகள் கொதித்துப் பேசுகிறாள். விதவை மருமகளோ, பிள்ளைகள் வளர வளர அவரவர் வாழ்க்கை அவரவரை இழுத்துச் சென்றுவிடுகிறது, தானும் ஒருநாள் அப்படி ஆகிவிடக் கூடும் என்று அமைதியாக விளக்குகிறாள். வாழ்க்கை ஏமாற்றம்தானா என்று அந்தச் சிறிய பெண் கேட்க, இவள் புன்னகையோடு ஆம் என்கிறாள். பின்னர் மாமனார், இறந்த மனைவியின் கடிகாரத்தை அவளிடம் கொடுத்து, மறுமணம் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறார். அவள் திரும்பும் இரயிலில் அந்தக் கடிகாரத்தைக் கையில் ஏந்திப் பார்க்கிறாள்.

ஓசுவின் காமிரா பெரும்பாலும் தரையில் பாய்விரித்து அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழாகத் தாழ்ந்திருக்கும்; அரிதாகவே நகரும். வீட்டிற்கு வந்த ஒரு விருந்தினர் மரியாதையோடு ஓரமாக அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற பார்வை அது. அத்தகைய விருந்தினர் யாரையும் வைய மாட்டார். அதனால்தான் அந்த மகளையும் நம்மால் வெறுக்க முடியவில்லை.

"பெற்றோரைப் பேணுக" என்று ஓங்கி உரைக்கும் படங்கள் நம்மிடம் ஏராளம். அவற்றில் மகன் கொடியவன். மருமகள் அவனினும் கொடியவள். கொட்டகையில் அமர்ந்திருக்கும் நாம் "நாம் அப்படி இல்லையே" என்று நிறைவோடு எழுந்துவருகிறோம். ஓசு அந்த நிறைவை நமக்கு அளிப்பதில்லை. பார்த்து முடித்தவுடன் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு கடிதமாவது எழுதத் தோன்றுகிறது. அப்பெற்றோர் இல்லாதவர்க்கோ வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் அமர்ந்திருக்கத் தோன்றுகிறது.

அனற்காற்று

இப்போது நமக்கு மிக நெருக்கமான ஒரு படத்துக்கு வருகிறோம். 1973இல் எடுக்கப்பட்ட 'கரம் ஹவா'. இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதை ஒன்றைக் கொண்டு கைபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுத, மைசூரைச் சேர்ந்த எம். எஸ். சத்யு இயக்கினார். நாட்டுப் பிரிவினைக்குப்பின் ஆக்ராவில் தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை.

குடும்பத் தலைவர் சலீம் மிர்ஸா காலணி உற்பத்தி செய்யும் வணிகர். தலைமுறைகளாக வாழ்ந்த பழைய மாளிகை. படம் முழுவதும் அவர் யாரையாவது இரயிலேற்றி வழியனுப்பிக்கொண்டே இருக்கிறார். "நான் போகமாட்டேன்" என்று மேடையில் முழங்கிய அரசியல்வாதியான தமையன் சத்தமின்றிக் கராச்சிக்குப் போய்விடுகிறார். வீடு அவர் பெயரில் இருந்ததால் அகதிச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, சிந்துவிலிருந்து வந்த ஒருவருக்கு ஒதுக்கப்படுகிறது. வங்கியில் கடன் கிடைப்பதில்லை. வாடகை வீடு கிடைப்பதில்லை. மகள் ஆமினாவை மணக்க இருந்தவன் எல்லை கடந்து போனவன்; தாள்கள் இல்லாமல் திரும்பி வந்தான் என்று காவலர் அவனைப் பிடித்து அனுப்பிவிடுகின்றனர். இரண்டாம் முறையும் நம்பி ஏமாந்த ஆமினா, மணப்பெண்ணாக உடுத்திக்கொண்டு உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மூத்த மகனும் போய்விடுகிறான். ஒற்றன் என்ற பழியும் வந்து, வழக்கில் விடுதலையாகிறார் சலீம்; ஊரின் பார்வையிலிருந்து மட்டும் விடுதலை கிடைக்கவில்லை.

இத்தனை துயரையும் அடுக்கிச் சொன்னால் ஒப்பாரிப் படம் போலத் தோன்றும். படத்தில் ஒப்பாரி இல்லை. சலீம் மிர்ஸாவாக வரும் பல்ராஜ் சாஹ்னி குரலை உயர்த்துவதே அரிது. தளர்ந்த நடையும் நம்பிக்கை இழக்காத ஒரு புன்முறுவலும்தான் அவர் நடிப்பு. வேளை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிறருக்குச் சொல்லித் தம்மையே தேற்றிக்கொள்ளும் அந்த மனிதரை நாம் அறிவோம். நம் தெருக்களில் கடை வைத்திருப்பவர் அவர்.

வீட்டை விட்டு அனைவரும் கிளம்பும் நேரத்தில் முதிய தாயைக் காணவில்லை. தேடினால், விறகு அறையில் ஒளிந்துகொண்டிருக்கிறாள். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வருகிறார்கள். பின்னர் மரணப் படுக்கையில் கிடக்கும்போது, அந்தப் பழைய வீட்டுக்கே அவளைப் பல்லக்கில் சுமந்து செல்கிறார்கள். மணப்பெண்ணாக அந்த வாசலுக்குள் அவள் நுழைந்த நாளின் ஒலிகள் அவள் காதில் கேட்கின்றன. உயிர் பிரிகிறது. நாடு, எல்லை, குடியுரிமை என்ற சொற்கள் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரு வாசற்படி. பிரிவினையைப் பற்றி எழுதப்பட்ட தடித்த நூல்கள் சொல்லவந்ததில் பாதியை அந்த வாசற்படி சொல்லிவிடுகிறது.

நடித்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஆக்ராவை விட்டுப் போகாத முஸ்லிமாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, இராவல்பிண்டியைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. வீட்டைப் பெறும் சிந்து வணிகராக வரும் ஏ. கே. ஹங்கல், 1949இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். இழந்தவரே இழந்தவரை நடித்த படம் இது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சிந்து வணிகரும் நம் பகைவராகத் தோன்றுவதில்லை. அவருடைய வீடும் எங்கோ ஓர் ஊரில் யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும் அல்லவா?

பொதுவாக நம் நாட்டுப் படங்களில் முஸ்லிம் ஒருவர் தோன்றினால் இரண்டில் ஒன்றாக இருப்பார். நாயகனுக்காக உயிர் கொடுக்கும் உத்தம நண்பர். அல்லது கடத்தல், குண்டு என்று திரியும் கொடியவர். நாம் இரண்டாம் வகையைக் கண்டு சினக்கிறோம். முதல் வகையைக் கண்டு மகிழ்ந்து கைதட்டுகிறோம். ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டுமே மனிதர் அல்ல, தொப்பி வைத்த பொம்மைகள். 'கரம் ஹவா'வில் சொன்ன சொல் தவறும் தமையன் இருக்கிறார். காற்றடிக்கும் பக்கம் கட்சி மாறும் உறவினர் இருக்கிறார். ஏமாற்றும் காதலன் இருக்கிறான். எல்லாரும் முஸ்லிம்களே. இவர்களைக் காட்டியதால் படம் நம்மை இழிவுபடுத்திவிட்டதா? இல்லை. இவர்கள் இருப்பதால்தான் சலீம் மிர்ஸாவை நம்புகிறோம். தன் வீட்டுக் குறையை மறைக்காமல் சொல்பவனிடம்தான் பிறர் இழைத்த அநீதியைச் சொல்லும் தகுதியும் இருக்கிறது. "நம்மைப் புகழும் படம் வேண்டும்" என்று கேட்போருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: நம்மை முழுமையாகக் காட்டும் படத்தைக் கேளுங்கள்.

படம் எடுத்து முடிந்தபின், கலவரம் மூளும் என்ற அச்சத்தால் தணிக்கையில் பல மாதங்கள் தேங்கிக் கிடந்தது. வெளிவந்தபோது கலவரமும் மூளவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நாட்டு விருதும் கிடைத்தது. பல்ராஜ் சாஹ்னி அதைக் காணவில்லை. வெளியீட்டுக்கு முன்பே, 1973 ஏப்ரலில், மறைந்துவிட்டார். 2014இல் படம் செப்பனிடப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது.

முடிவு? கடைசியில் சலீம் மிர்ஸாவும் மனமுடைந்து இரயில் நிலையத்துக்குக் குதிரை வண்டியில் புறப்பட்டுவிடுகிறார். வழியில் வேலையும் நீதியும் கேட்டுச் செல்லும் ஊர்வலம் ஒன்று குறுக்கிடுகிறது. இளைய மகன் சிக்கந்தர் இறங்கி அதில் கலக்கிறான். தகப்பனும் மனைவியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு இறங்கிவிடுகிறார். இந்த முடிவில் நமக்குச் சிறு குறை உண்டு. அதுவரை மெல்லிய குரலில் பேசிய படம் அங்கே சற்று உரக்கப் பேசிவிடுகிறது. ஊர்வலம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை, படம் காட்டிய வாழ்விலிருந்து முளைத்ததாகத் தோன்றவில்லை. இருந்தும், போகாமல் நின்றுவிட்ட அந்தக் கால்களைக் காணும்போது, இங்கேயே நின்றுவிட்டவர்களின் பேரர்களாகிய நாம் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்கிறோம். குறையே இல்லாத படம்தான் உயர்ந்த படம் என்று யார் சொன்னது?

இன்னும் மூன்று

வேறு மூன்று படங்களையும் சுருக்கமாகப் பரிந்துரைக்கிறோம்.

அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952). முப்பதாண்டுகளாகக் கோப்புகளுக்கு முத்திரையிட்டே காலங்கழித்த நகராட்சி அலுவலர் ஒருவர், தமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிகிறார். மீதமுள்ள நாள்களில் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டுத் திடலை அமைக்கப் போராடுகிறார். படத்தின் நடுவழியிலேயே அவர் இறந்துவிடுகிறார். எஞ்சிய பகுதியில், துக்க வீட்டில் கூடிய அலுவலர்கள் அவரைப் பற்றிப் பேசிப் பேசி உண்மையைக் கண்டடைந்து, இனி நாமும் அவர்போல் உழைப்போம் என்று உறுதி பூணுகிறார்கள். மறுநாள் அலுவலகம் பழையபடியே நடக்கிறது! அரசு அலுவலகத்தில் பணியாற்றும் ஒவ்வொருவரும் காண வேண்டிய படம்.

ஈரானியர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987). வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்துவந்துவிட்ட சிறுவன் அகமது, அடுத்த ஊருக்கு ஓடி ஓடி அவன் வீட்டைத் தேடுகிறான். பெரியவர்கள் ஒருவரும் அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. தம்மிடம் சிகரெட் இருந்தும், பணிவைப் பழக்குவதாகச் சொல்லி அவனை அதை எடுத்துவர அனுப்புகிறார் பாட்டனார். வீடு கிடைக்கவில்லை. இறுதியில் அவன் என்ன செய்தான் என்பதைப் படத்திலேயே காண்க. கடமை என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்காமல் கடமையைப் பற்றி எடுத்த படம். நம் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தகுந்தது. பார்த்தபின் அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும்.

தமிழில் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அலுவலகத்தில் பணிபுரியும் பெண் ஒருத்தி சிறிய வீடு ஒன்றைக் கட்ட முனைகிறாள். பாட்டில்லை, சண்டையில்லை. செங்கல், சிமெண்டு, கடன், ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, அதை வெளிப்படுத்தும் சித்தாள் பெண்ணின் நேர்மை — இவையே கதை. அர்ச்சனாவுக்கு நாட்டின் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத் தந்த படம். ஆயினும் நம் நினைவில் நிற்பவர் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர். முற்றுப்பெறாத அந்த வீட்டின் சுவர்களைத் தடவித் தடவிப் பார்க்கும் அவருடைய கை! வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவர்க்குத்தான் அந்தக் கையின் பொருள் விளங்கும்.

நாம் கண்ட அளவுகோல்

இப்போது திரும்பிப் பார்ப்போம். சைக்கிள், மணிமாலை, கடிகாரம், வாசற்படி, நோட்டுப் புத்தகம், சுவர். இப்படங்களின் உயிர் இத்தகைய எளிய பொருள்களில் தங்கியிருக்கிறது. பெரிய சொற்களைச் சிறிய பொருள்களுக்குள் இறக்கிவைக்கும் ஆற்றல் முதல் அளவுகோல்.

உணர்ச்சியின் உச்சியில் அடங்கிப் போகும் நாணம் இரண்டாவது. அழவேண்டியவர் நாமாக இருக்க, திரையே அழுது தீர்த்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தீர்ப்பை அவசரப்பட்டு வழங்காமை மூன்றாவது. திருடனுக்கும் சுயநலக்கார மகளுக்கும் வீட்டைப் பெற்றுக்கொண்டவருக்கும் அவரவர் நியாயம் பேச இடம் கொடுத்த படங்கள் இவை. அதனால் அறம் தளர்ந்துவிடவில்லை. அதன் எடை கூடியிருக்கிறது.

நான்காவது, காலம். 'டோக்கியோ ஸ்டோரி' நியூயார்க் நகரக் கொட்டகையை எட்டியது 1972இல்தான்; எடுத்து ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின்! அதனால் அதற்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை. முதன்முறை பார்த்தபோது மகனாக இருந்தவர், மறுமுறை பார்க்கும்போது தகப்பனாகியிருப்பார், படமும் வேறாகியிருக்கும். ஒரே முறையில் தீர்ந்துபோகும் படம், எவ்வளவு சுவையாக இருந்தாலும், உயர்ந்த படம் ஆகாது.

இவற்றைக் கொண்டு எல்லாப் படங்களையும் அளந்துவிட முடியும் என்று நாம் கூறவில்லை. சிரிக்க வைக்கும் படங்களுக்கும் வியக்க வைக்கும் படங்களுக்கும் வேறு அளவுகள் உண்டு; அவற்றைப் பிறிதொரு முறை பேசலாம். நாம் வேண்டுவது ஒன்றே. இவற்றுள் ஏதேனும் ஒரு படத்தை, குடும்பத்தோடு, கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, இடையில் எழாமல் ஒருமுறை பாருங்கள். முதல் அரை மணி நேரம் மெதுவாக நகர்வதாகத் தோன்றும், பொறுத்திருங்கள். முடிந்ததும் உடனே பேசாதீர்கள். மறுநாள் காலையில், உங்கள் நினைவில் எஞ்சியிருப்பது எது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். யாரேனும் ஒருவர் ஒரு சிறு பொருளின் பெயரைச் சொன்னால், அந்த வீட்டில் தரம் அறியும் கண் திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நம்மிடம் கேள்வி கேட்ட அன்பருக்கு இதுவே நம் விடை.